நாற்பது நிமிடத் தூரம்

பொஸ்குதுக் சந்திப்புக்கு வரைபடம் போட
என்னை அனுப்பினார்கள்,
ஓர் அளவுச் சங்கிலியோடும் இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறையோடும்.
இறங்கியதும் கேட்டேன்: ஊருக்கு எல்லை எது?
சக்கரம் தட்டிப் பார்க்கும் தெமிர்கான்
சுத்தியலைத் தோளில் சாத்தி, புல்வெளியைப் பார்த்தான்.
"ஓடித் திரும்புகிற மட்டும்."

முதலில் கிணறுதான் இருந்தது.
நீராவி இஞ்சின் வயிறு நிரம்ப
நாற்பது நிமிடம் பிடித்தது.
அந்த நாற்பதுக்குள் முளைத்தது ஊர்.

மூன்றாவது நிமிடத்தில் தேநீர்க் கொட்டகை.
ஐந்தில் முடிவெட்டும் லாவ்ரென்தி,
கூட்டம் மிகுந்தால் முன்பாதியை மட்டும் வெட்டிவிட்டு
மிச்சத்தைத் திரும்பும் பயணத்துக்கு வைப்பவன்.
ஒன்பதில் பல் பிடுங்கும் ரைகான்.
மரத்துப்போகும் ஊசிக்கெல்லாம் நேரம் கிடையாது;
வாசல் பனியை அள்ளிக் கன்னத்தில் அப்பிக்கொண்டு
உள்ளே வரச் சொல்வாள்.
பதினைந்தைத் தாண்டி எவரும் கடை போடவில்லை.
பதினாறில் ஒரே ஒரு வீடு,
வண்டியைத் தவறவிட்ட குடும்பத்தின் வீடு.

தெற்கிலிருந்து கிளைப்பாதை வந்து முட்டிய வருடம்
ஊர்ப் பெயரோடு 'சந்திப்பு' ஒட்டிக்கொண்டது.
ஆனால் வண்டிகள் சந்தித்ததே இல்லை.
ஒன்று மாலை ஆறுக்கு வந்து போகும்,
மற்றது விடிந்தால்தான் தலைகாட்டும்.
நடுவில் கிடந்த பதினொரு மணி நேரத்துக்கு
ஒரு கூரை தேவைப்பட்டது.

விடுதி கட்டினார்கள். குளியல் வீடு கட்டினார்கள்.
முலாம்பழ மூட்டை மாறிப்போன சண்டைகள் பெருகி
நீதிமன்றமும் வந்தது.
காத்திருப்பு அறையில் மூன்றாவது பிள்ளை பிறந்தபின்
பிரசவ மனை.
பதிவேட்டின் முதல் பக்கத்தைப் பார்த்தேன்.
பிறந்த இடம்: இரண்டாம் நடைமேடை.
சாட்சிக் கையெழுத்து: பயணச்சீட்டு கொடுப்பவர்.

டீசல் வந்தது. அதற்குத் தாகம் இல்லை.
ஆறு நிமிடம் நின்றாலே அதிகம்.
லாவ்ரென்தி கத்தரியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தான்.
அடுத்த வாரமே மறுபடி எடுத்தான்:
இப்போது ஊருக்குள்ளேயே தலைகள் இருந்தன.

என் வரைபடத்தில் கிலோமீட்டர் இல்லை.
ஓரத்தில் இப்படி எழுதினேன்:
ஒரு விரற்கடைக்கு நான்கு நிமிடம்.
மேலதிகாரி போலாத்பெக் சிவப்பு மையால் சுழித்துக் கேட்டார்,
"இது தூரமா, நேரமா?"

நேரில் சரிபார்க்க வந்தார், பிப்ரவரியில்.
திரும்பிப் போக வேண்டிய தெற்கு வண்டி தாமதம்.
எவ்வளவு என்று நிலையத்தில் யாருக்கும் தெரியாது.
குளித்துவிட்டு வருகிறேன் என்று போனார்.

புல்வெளிக்கு அப்பால் ஊதல்.
பதினோராவது நிமிடத் தெருவிலிருந்து
ஒரு கையில் பூட்ஸ், மறு கையில் தொப்பி,
ஈரத் தலைமயிர் குச்சி குச்சியாய் உறைந்து நிற்க
ஓடி வந்தார் மேலதிகாரி.
கடைசிப் பெட்டியின் படியில் தொற்றிக்கொண்டார்.

தெமிர்கான் கடிகாரத்தைப் பார்த்தான்.
"பத்தரை" என்றான்.

திருத்திக்கொண்டேன்.