இரண்டு நீ

கஞ்சிக்கோட்டில், ரயில் போனால் தகரம் நடுங்கும்
பிஸ்கட் கம்பெனிக்குப்
புது அடுப்பு மாட்ட இரண்டு பேர் வந்தார்கள்.
ஹாலந்துக்காரன் யாப். கதவுக்குக் கதவு குனிவான்.
கேப்டவுன்காரன் டென்ஸில் செப்டம்பர்.
நம்ம நிறம். முதல் நாளே அவனிடம் பிரதீஷ்
மலையாளத்தில் சாயா வேணுமா என்று கேட்டுவிட்டான்.

நான் பேனல் போர்டு எலக்ட்ரீஷியன்.
ஏணி மேலிருந்து கேட்டால்
இருவர் பேச்சும் ஒன்றுதான்;
யாப் சொல்லை முழுசாய் வைப்பான்,
செப்டம்பர் வாலை நறுக்கிவிட்டு வைப்பான்.

முதல் தட்டு பொன்னிறமாய் வெளியே வந்ததும்
'டைடலக்!' என்றான் செப்டம்பர்.
'எது தெளிவு?' என்று திரும்பினான் யாப்.
அவன் நாட்டில் அந்தச் சொல்லுக்குத் தெளிவு என்று பொருளாம்.
இவன் தெருவில் அட்டகாசம்.
குழந்தை பேசுகிற மாதிரி இருக்கு உன் பாஷை,
நான் நீ அவன் எல்லாருக்கும் ஒரே வினை என்று
யாப் இங்கிலீஷில் சிரித்தான்,
எங்களுக்கும் புரியட்டும் என்று.

எனக்குச் சுருக்கென்றது.
ஞான் வந்நு. நீ வந்நு. அவள் வந்நு.
'வந்தேன்'ல இருக்கிற என்னை
எங்கேடா கழற்றி வெச்சீங்க என்று
பத்து வருஷமாய் பிரதீஷைக் கேலி செய்கிறவள் நான்.
பிறந்தது கொழிஞ்சாம்பாறை, வாழ்க்கைப்பட்டது சாவடியில்.
என் தமிழைக் கேட்டு மாமியார்
'மலையாளத்துக்காரி' என்பாள், விருந்தாளிகள் முன்னால்.
தினமும் வாளையாரைத் தாண்டுகிறேன்.
லாரிகளை நிறுத்தித் தார்ப்பாயைத் தூக்கிப் பார்ப்பார்கள்.
என் வாய்க்குள் என்ன சரக்கு என்று
ஒருத்தரும் கேட்டதில்லை.

சோற்று நேரத்தில் செப்டம்பர் சொன்னான்,
அவன் அம்மா படுப்பது காட்டலில்.
நாங்கள் கட்டிலில், என்றேன்.
நாலு தரம் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தோம்.
பிறகு கக்கூஸ் வந்தது.
அது யாப்பின் முன்னோர் விட்டுப்போன சொத்து
என்று தெரிந்ததும் யாப் எழுந்து போனான்.
அங்கேதான் போனானோ என்னவோ.

சனிக்கிழமை கவரைக் காட்டிக் கூலி என்றேன்.
செப்டம்பர் சுற்றுமுற்றும் பார்த்தான்.
அதைச் சொல்லாதே,
எங்கள் ஊரில் அது
உன்னைப் போன்றவர்கள் மேல் எறிகிற கல்.
நான் பிரித்து எண்ணினேன்.
நாலாயிரத்து இருநூறு.
கல்லை இங்கிருந்துதான்
பொறுக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அன்றைக்குப் பிற்பகல் கரண்ட் போய்விட்டது.
இருட்டில் கேட்டேன், செப்டம்பர் என்று ஒரு பெயரா?
முப்பாட்டனுக்கு முப்பாட்டன்
கப்பலிலிருந்து இறங்கிய மாதம், என்றான்.
வாங்கியவன் கணக்கில் எழுதிக்கொண்டது.
எங்கே ஏறிய கப்பல்? கொச்சியா, நாகப்பட்டினமா, ஜாவாவா?
'எக் வீட் நீ.'
எனக்கா தெரியும், என்றேன்.
சிரித்தான். அவன் பாஷையில் நீ என்றால் இல்லை.
வாக்கியம் நீண்டால் இரண்டு நீ வேண்டும்,
கதவைச் சாத்திவிட்டுத் தாழும் போடுகிற மாதிரி.
யாப்புக்கு ஒன்றே போதுமாம்.

'டிஸ் நீ மை நாம் நீ' என்றான், மெதுவாக,
எனக்காக ஒவ்வொரு சொல்லாய்.
இது என் பெயர் இல்லை.
அர்த்தம் அதுதான்.
எனக்குக் கேட்டது வேறு:
நீ. நாம். நீ.

தகரம் நடுங்கியது. ரயில் போனது.
குழல்விளக்கு இரண்டு முறை கண் சிமிட்ட,
கீழேயிருந்து பிரதீஷ் கத்தினான்:
சேச்சி, கரண்ட் வந்நு!

திருத்தத்தான் வாயைத் திறந்தேன்.
ஆமாடா, வந்நு,
என்று வந்துவிட்டது.