மொத்தம் ரெண்டு பேர்

நாம் பேசுவதையெல்லாம் எவனோ எண்ணி வைக்கிறான் என்று
எங்கேயோ படித்தேன். அன்றைக்கு ராத்திரி தூக்கமில்லை.
விடிவதற்குள் பதினோரு பேருக்கும் அழைப்பு போட்டாயிற்று:
"வேற ஆப்புக்குப் போயிரலாம், வாங்கப்பா.
விளம்பரம் இல்ல, வேவு இல்ல, காசும் இல்ல."

நாங்கள் சோமனூர்த் தறிக்காரர்கள்.
முப்பது வருசம் தறிச் சத்தத்துக்குள் நின்றதில்
காது பாதிதான் மிச்சம் எல்லாருக்கும்.
போனில் பேசினால் "என்ன? என்னங்கறே?" என்பதிலேயே
பொழுது போய்விடும். எழுத்துதான் எங்களுக்குப் பேச்சு.

குழந்தைவேலு எழுதினான்: "எனக்கு இதுவே இன்னும் பழகல."
நாச்சிமுத்துவுக்கு ஒரே கவலை:
"நூல் கடைக்காரன் அங்க வருவானா?"
தேவராசு கும்பிடு பொம்மை அனுப்பினான்,
சரி என்றா, ஆளை விடு என்றா, தெரியவில்லை.
கிட்டுசாமிதான் நேராகக் கேட்டான்:
"உனக்கு எதாச்சும் கமிசனா?"

விடுவேனா. ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்து
கருமத்தம்பட்டி, சாமளாபுரம், காரணம்பேட்டை,
வீடு வீடாகப் போய்ப் போனை வாங்கி
நானே இறக்கிக் கொடுத்தேன்.
காப்பி தந்தார்கள். தலையாட்டினார்கள்.
வண்டி தெருமுக்கு திரும்புவதற்குள் அழித்திருப்பார்கள்.

இருபத்தெட்டு வயதில்
இதே ஆட்களைக் கூலி உயர்வுக்குக் கொடி பிடிக்க வைத்து
பல்லடம் வரை நடத்திப் போனேன்.
வந்தவர்கள் பேர் மறந்துவிட்டது.
வராத நாலு பேரை இப்போதும் வரிசையாகச் சொல்வேன்.
அதில் சென்னியப்பனோடு ஆறு வருசம் பேச்சில்லை.
அவன் மகள் சீருக்கும் போகவில்லை நான்.
பந்தலைத் தாண்டித்தான் தறிக்குப் போனேன்,
முகத்தைத் திருப்பிக்கொண்டு.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், கரண்ட் இல்லாத நேரம்,
புது ஆப்பில் பச்சையாக ஒரு புள்ளி.
சென்னியப்பன்.
"வந்துட்டேன். ஒருத்தரையும் காணமே?"
"வருவாங்க."
"வரலீன்னா?"
பழைய நான் இதற்கு ஒரு பக்கம் எழுதியிருப்பேன்.
விரல் தானாக அடித்தது:
"வரலீன்னா போச்சாது போ."

இப்போது அங்கே நாங்கள் ரெண்டு பேர்தான்.
அவன் கரண்ட் போகிற நேரம் போடுவான்,
சர்க்கரை அளவு போடுவான்,
முருங்கை பூத்ததைக் கை ஆடி எடுத்த படம் போடுவான்.
நான் "ம்" போடுவேன்.
சீரைப் பற்றி அவனும் கேட்டதில்லை.
ஒருநாள் கேட்காமலே எழுதினேன்,
"அன்னிக்கு வந்திருக்கோணும்" என்று.
ரெண்டு நாள் கழித்துப் பதில்:
"சாப்பாடு மிச்சம்தான் ஆச்சு."

பழைய குழுவிலும் இருக்கிறேன்.
காலையில் பனித்துளி ரோசாப்பூ பதினோரு தடவை வரும்,
எண்ணி வைக்கிறவன் அதை எண்ணட்டும்.

நேற்று சென்னியப்பன் கேட்டான்:
"ஏனப்பா, இதுல சேதி வந்தா சத்தமே வர்றதில்ல?"
அமுக்க வேண்டிய இடத்தைச் சொல்லலாம் என்று
பாதி எழுதினேன். அழித்தேன்.
"வந்தா மட்டும் நமக்குக் கேட்டுருமாக்கும்?"