உடுக்குறி

கல்மிக்கியாவின் புல்வெளியில்
காற்று இளைப்பாற ஒரு மரம் கிடையாது.
மேட்டைப் பாதி அறுத்தாயிற்று.
பதினோராம் நாள் மாலை
கிளாஃபிரா தீஹனொவ்னா தூரிகையை நிறுத்தி
"யாரும் தும்மாதீர்கள்" என்றாள்.

குழியின் மூலையில் ஒரு வட்டம்.
மரமில்லை.
மரம் கிடந்து மட்கிய இடத்தில்
மண் சற்றே கறுத்திருந்தது,
தேநீர்க் கோப்பை மேசையில் விட்டுப்போன வளையம் மாதிரி.

நான் வரைபடக்காரி. அளந்தேன்:
எழுபத்திரண்டு சென்டிமீட்டர்.
பக்கத்தில் முழங்கால் மடக்கிப் படுத்திருந்தவள்,
பாதமெல்லாம் காவிமண்,
வண்டி இன்னும் வரவில்லை என்பவள் போலிருந்தாள்.

"ரதாஸ்" என்றான் லிதுவேனியாவின் வைதோதாஸ்.
சைக்கிள் பஞ்சரானால் அவன் அம்மா சொல்லும் சொல்.
"கொலெசோ" என்றாள் கிளாஃபிரா.
முதலாவதன் கூடப்பிறந்தது
தெற்கே மலையிறங்கி ரதமாயிற்று.
மற்றதன் ஒன்றுவிட்ட தங்கை, சக்கரம்.
தேர் என்று சொந்தமாய் ஒன்று வைத்திருந்தவர்களும்
இரண்டையும் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள்.

இவள் என்ன சொல்லியிருப்பாள்?
வைதோதாஸ் நோட்டில் எழுதினான்,
சொல்லுக்கு முன்னால் ஓர் உடுக்குறி இட்டு.
யாரும் எழுதிவைக்காத சொல்லுக்கு
அப்படித்தான் பொட்டு வைப்பார்களாம்.
"பேரன்களின் மூக்கைப் பார்த்துப்
பாட்டன் முகம் வரைகிறாய்" என்றேன்.
"நீ மட்டும்? கறையைப் பார்த்துச் சக்கரம் வரைகிறாயே."

லாரிக்கடியிலிருந்து ஊர்ந்து வந்தான் ஒச்சிர்,
இந்த மண்ணின் கல்மிக்.
எட்டிப் பார்த்துத் தன் மொழியில் ஒன்று சொன்னான்.
எங்கள் யாருடையதோடும் அது ஒட்டவில்லை.
"உங்கள் குடும்ப விஷயம்" என்று சிரித்தான்.
"நான் டயர் மாற்றுகிறவன்."

இரவு சூப் ஆறும் நேரம்
அவன் பெயருக்கு அர்த்தம் கேட்டான் வைதோதாஸ்.
"கோயிலில் லாமா வைத்தது. இடியோ வைரமோ,
சாமி கையில் பிடித்திருக்குமே, அது."

வைதோதாஸ் கரண்டியைக் கீழே வைத்தான்.
வஜ்ரம்.
தெற்கே போன அதே வண்டியிலிருந்து இறங்கி,
துறவிகளின் மூட்டையேறி,
பாலைவனச் சந்தைகளில் வாய்க்கு வாய் தேய்ந்து,
மங்கோலியக் குதிரைகளில் மேற்கே திரும்பி,
ஒருவேளை புறப்பட்ட இடத்துக்கே வந்து
கிரீஸ் கையோடு ரொட்டி பிய்த்துக்கொண்டிருந்தது.

சொல்லலாமா என்று என்னைப் பார்த்தான்.
அதற்குள் ஒச்சிர் எழுந்து ஓடிவிட்டான்.
காற்று திசை மாறியிருந்தது.
தார்ப்பாயின் ஒரு முனை பறந்தடித்தது.
குழியோரம் அவன் கல் தேடும் சத்தம் கேட்டது.

என் படத்தில் அந்த வட்டம்
இன்னும் புள்ளிக்கோடுதான்.