முதலில் எந்தச் சாவி

பீல் நகரில் எங்கள் கட்டடத்தின் நிலவறைக்கு
இரண்டு சாவிகள்.
ஒன்று சலவை மெஷினுக்கு,
மற்றது துணி உலர்த்தும் அறைக்கு.
பன்னிரண்டு வீடு, சுவரில் ஒரு தாள்,
நூலில் கட்டிய பென்சில்.

நவம்பர், செவ்வாய், இரவு ஒன்பது நாற்பது.
படியில் மடிக்கணினியோடு நான்.
மூன்று நாளாக ஓர் எண் குறைகிறது.
கிடங்கில் ஒன்பது பெட்டி; எட்டு என்கிறது திரை.
இரண்டு இழைகள் ஒரே கணத்தில் ஏழு என்று படித்து,
இரண்டும் ஒன்றைக் கூட்டி,
இரண்டும் எட்டு என்று எழுதிவிட்டு
நல்ல பிள்ளைகளாகப் போய்விட்டன.
யாரும் பொய் சொல்லவில்லை.
அதுதான் கஷ்டம்.

எட்டிப் பார்க்க ஒரு பதிவு வரி சேர்த்தேன்;
பிழை வரவில்லை.
வரியை எடுத்தேன்; வந்தது,
கேமராவைக் கண்டதும் அழுகையை நிறுத்திய குழந்தை
மறுபடி தொடங்குவது போல.

நேற்று எல்லாவற்றுக்கும் சேர்த்து
ஒரே பெரிய பூட்டாகப் போட்டேன்.
எண்ணிக்கை சுத்தம்.
பதினாறு கோர்களில் ஒன்று வேலை செய்ய
பதினைந்து கைகட்டி நின்றன,
கல்யாணப் பந்தியில் ஒரே ஓர் இலை போட்டதுபோல்.
"பத்திரமாக இருக்கிறது," என்றார் மேலாளர் க்னேகி.
"உயிரோடு இருக்கிறதா?"

இரண்டாம் மாடி முசியே ஷாத்லேன் இறங்கி வருகிறார்,
ஒரு கூடை அழுக்குச் சட்டைகளோடு.
முன்யோசனைக்காரர்;
உலர்த்தும் அறைச் சாவியை மாலையே பிடித்துவிட்டார்.
துவைக்காமல் அதை விடமாட்டார்.
என் ஈரத்துணி மெஷினுக்குள்.
காயப்போட இடமில்லாமல் நான் இதை விடமாட்டேன்.
அவர் ஜெர்மனில் மன்னிப்புக் கேட்டார், நான் பிரெஞ்சில்.
இந்த ஊரில் அப்படித்தான்,
ஒருவர் மொழியை மற்றவர் பிடித்துக்கொள்வோம்.
யாருக்கும் கோபமில்லை.
யாரும் நகரவுமில்லை.

பத்து மணிக்கு, கட்டட விதிப்படி,
நிலவறை மின்சாரம் தானே அணைந்தது.
இருட்டில் அவர் சிரித்தது கேட்டது.

போன் வெளிச்சத்தில் தாளின் ஓரத்தில் எழுதினேன்:
முதலில் மெஷின் சாவி. பிறகே அறைச் சாவி.
எல்லோரும். எப்போதும்.
பந்திக்கு முந்தச் சொன்ன மொழிக்காரி
ஜெர்மனில் ஒரு தடவை, பிரெஞ்சில் ஒரு தடவை.
பெரிய பூட்டை உடைத்து
சின்னச் சின்னதாக ஆக்கினால்
அவற்றுக்கும் இதே இரண்டு வரிதான்.

விடியும்போது திரையில் ஒன்பது.
நாற்காலி முதுகில், கதவில், ஹீட்டர் மேல்
வீடெங்கும் ஈரத்துணி.
எண்ணிக்கொண்டே மடித்தேன்.
காலுறை ஆறு போட்டிருந்தேன்.
ஏழு இருக்கிறது,
ஏழாவது உள்ளங்கை அளவு, மஞ்சள்.
இந்த வீட்டில் குழந்தை இல்லை.