ஏழடித் தண்ணீர்

ஆணி பிடுங்க வந்தவன் நான்.
அப்புத்தளைக்குக் கீழே, மூடிக் கிடந்த ஃபேக்டரியின்
கொழுந்து வாட்டும் மாடத்தை
ஹோட்டலாக்கப் போகிறார்களாம்.
நாள் சம்பளம். மத்தியானம் ரொட்டி, சம்பல், பிளேன்டீ.

முதல் ஆணி வரவில்லை.
இரண்டாவதும்.
குனிந்து பார்த்த செங்கமலை சொன்னான்:
"இது ஆணியில்லடா, மரமுளை.
வீடு கட்டுறவன் இப்பிடி அடிக்க மாட்டான்."

வாசல்கால் ஒன்று வளைந்திருந்தது.
மழை வளைத்தது என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தோம்.
அதன் மேல் வெட்டிய ரோமன் எண்கள்,
ஐந்து, ஆறு, ஏழு,
அடிக்கு ஒன்று.

கந்தோரில் கறையான் தின்றது போக
மிஞ்சிய பேரேட்டில் ஒரு பக்கம்:
எண்பத்து மூன்றாம் வருஷம், காலித் துறைமுக ஏலம்,
பழைய பைலட் ஸ்கூனர் ஒன்று,
மாட்டு வண்டி இருபத்திரண்டு,
செத்த காளை மூன்று.
செத்த ஆள் கணக்கு வேறு பேரேட்டில் இருக்கலாம்.

இரண்டு பாய்மரம். ஒரே வேலை.
பாறை முளைத்த துறைவாயில்
தென்மேற்குக் காற்றில் ஆடிக்கொண்டே நின்று
வருகிற கப்பலுக்கு ஓர் ஆளை ஏற்றிவிடுவது.
அவன் சுக்கானருகே நின்று கைகாட்டுவான்,
பெரிய கப்பல் உள்ளே போகும்.
சீனத்துக்குப் போவது, வங்கத்துக்குப் போவது,
எல்லாவற்றையும் அதற்குத் தெரியும்.
அது மட்டும்
முப்பது வருஷமும்
போக இரண்டு மைல், வர இரண்டு மைல்.

கொழும்பில் அலையை மறித்துச் சுவர் எழுந்தது.
நீராவிகள் அந்தப் பக்கம் திரும்பின.
அதற்குப் பிறகுதான்
அந்தக் கப்பல் தூரப் பயணம் புறப்பட்டது:
அம்பாந்தோட்டை உப்புவெளி,
வெல்லவாயப் புழுதி,
கொஸ்லாந்தை வளைவில் உருண்ட பாய்மரம்,
பிறகு குளிர்.

இங்கே அதன் வயிற்றுக்குள் கொழுந்து வாடியது.
அந்த வளைந்த காலுக்குப் பக்கத்தில்தான் தராசு.
"ஈரக் கொழுந்து, தண்ணிக்கு ரெண்டு றாத்தல் கழி"
என்பார் கணக்கப்பிள்ளை.
தண்ணீர் எவ்வளவென்று உள்ளபடி சொன்ன மரம்
பார்த்துக்கொண்டுதான் நின்றது,
என் அம்மா பேச்சியின் கூடையிலிருந்து
இல்லாத தண்ணீரை இறைத்ததை.

தராசுக்குப் பின்னாலிருந்த பலகையைக் கழற்றித் திருப்பினோம்.
மஞ்சள் எழுத்து, பாதி உதிர்ந்தது.
இஞ்சினியர் எழுத்துக்கூட்டி வாசித்தார்:
"பேஷன்ஸ். கப்பலோட பேர்.
பொறுமைன்னு அர்த்தம்."
விறகு பொறுக்க வந்திருந்த மாரிக்கண்ணு அக்காதான்
முதலில் சிரித்தாள்.
பிறகு எல்லாரும்.
இஞ்சினியருக்கு ஏனென்று விளங்கவில்லை.
சாப்பாட்டு அறையில் மாட்ட வேண்டும்,
கீறல் விழாமல் தூக்குங்கள் என்றார்.

தூக்கினோம். நல்ல கனம்.

நாலரைக்குப் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறியது.
வாசல்காலில் ஐந்தைத் தொட்டது.
ஆறு மறைந்தது.
ஏழில் கொஞ்ச நேரம் நின்றது.
செங்கமலை கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டான்.
நாளைக்குப் பார்ப்போம் என்றேன்.