செல்லாத ஒன்று

நான்கு தேர்தல்களாக
இந்த விரல்களுக்கு மை வைத்திருக்கிறேன்.
தண்டையார்பேட்டை மாநகராட்சிப் பள்ளி,
இரண்டாம் வகுப்பு அறை,
கரும்பலகையில் அழிபடாத ஏழாம் வாய்ப்பாடு.
இடது கை, ஆள்காட்டி விரல்,
நகமும் தோலும் சேருமிடம்.
மீன் செதில் ஒட்டிய விரல்,
கிரீஸ் போகாத விரல்,
மோதிரம் இறுகி வீங்கிய விரல்.
முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை நான்.
வரிசை நீளம்.

இன்று அதே விரல்கள்
மொட்டை மாடியில் துண்டுச்சீட்டு மடிக்கின்றன.
பிஸ்கட் டின் மூடியில் கத்தியால் கீறிய வாய்.
செயலாளர் தணிகாசலம்
கண்ணாடியைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாசிக்கிறார்:
'சி பிளாக், பதினொன்றாம் எண் வீட்டில்
வசிக்கும் இருவரையும்
சங்கப் பதிவேட்டில் ஒரே குடும்பமாக
எழுதலாமா, கூடாதா.'
கல்யாணம் என்ற சொல்லை
எங்கேயும் வைக்கவில்லை அவர்.
டிக் போடலாம்,
அல்லது பெருக்கல்.

போன ஐப்பசியில் எனக்கு டெங்கு.
ஸ்டான்லியில் படிவம் நீட்டிய பெண் கேட்டாள்,
'பேஷண்டுக்கு நீங்க என்ன வேணும்?'
ஒன்பது வருஷம் ஒரே குக்கரில் சமைத்துத் தின்ற வாய்
திறந்தது, மூடியது,
'பக்கத்து வீடு' என்றது.
அன்று ராத்திரி டிரிப்ஸ் ஸ்டாண்டுக்குக் கீழே உட்கார்ந்து
செலஸ்டினா எழுதியதுதான் இந்த மனு.
கோர்ட் நாடாளுமன்றத்தைக் கைகாட்டிவிட்டது,
நாடாளுமன்றம் நம்மைத் திரும்பிப் பார்க்கவில்லை,
தணிகாசலம் சாரையாவது பார்ப்போமே என்றாள்.

அவள் துறைமுகத்தில் கண்டெய்னர் கணக்கு எடுப்பவள்.
எண்களோடு அவளுக்குச் சண்டை கிடையாது.
'ஐம்பத்தோரு வீடு. இருபத்தாறு போதும்'
என்று என் காதில் சொன்னாள்
சரக்கைப் பற்றிச் சொல்வதுபோல.
எங்கள் வீட்டுக்கும் ஒரு சீட்டு உண்டு.
நான்தான் மடித்தேன்.
பதிவேட்டில் அவள் இன்னும் விருந்தாளி.

ஷம்ஷாத் பிரிக்கிறாள்,
முனிரத்தினம் கோடு போடுகிறார்.
நாலு கோடு, குறுக்கே ஒன்று.
எண்ணூர்ப் பக்கமிருந்து புளித்த காற்று.
கொருக்குப்பேட்டை கேட் விழுந்துவிட்டது போல,
கீழே ஒரே ஹாரன்.
எது யாருடையது என்று
எனக்குத் தெரியக்கூடாது.
பச்சை மையில் ஒரு பெருக்கல்,
தாள் கிழிகிற அழுத்தம்:
மகனின் ரேங்க் கார்டில் மாதாமாதம்
என் முன்னால் கையெழுத்துப் போடுகிற பேனா.

எழுதலாம், இருபத்திரண்டு.
கூடாது, இருபத்தெட்டு.
செல்லாதது ஒன்று.
அதை ஷம்ஷாத் பல்பு வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள்:
'அவங்க எப்படியோ இருந்துட்டுப் போறாங்க,
மோட்டார் எப்போ ரிப்பேர் பண்ணுவீங்க?'

மாடி மொத்தமும் சிரித்தது.
தணிகாசலமும்.
செலஸ்டினா வயிற்றைப் பிடித்துக்கொண்டு.
நானும்தான்,
கொஞ்சம் தாமதமாக.

படியிறங்கும்போது
'இன்னும் நாலே பேர்' என்றாள்.
நான் அந்த இருபத்தெட்டிலேயே நின்றிருந்தேன்,
இரண்டாவது மாடித் திருப்பத்தில்,
யார் வீட்டுச் செருப்பையும் மிதிக்காமல்.

வீட்டுக்குள் வந்ததும்
அவள் குடங்களைக் கழுவிக் கவிழ்த்தாள்.
நாலரைக்கு அலாரம் வைத்தாள்.
லாரி ஐந்துக்கு வரும்.
ஐம்பத்தோரு வீடும் நிற்கும்.
அங்கே ஒரு வீட்டுக்கு நாலு குடம்,
உறவு கேட்பதில்லை.