ஒரு மூச்சுக்கு எத்தனை சொல்

மெர்பேங்கில் தெற்கிலிருந்து காற்று வந்தால்
காலை ஒன்பதுக்குள் நீலம் மூன்று விற்றுவிடும்.
கடைக் கதவைத் திறக்கும்போதே தெரியும்
எண்ணெய் ஆலை இரவில் என்ன சமைத்ததென்று.

சதாசிவன் படையாச்சி வரும்போது
கடையில் ஆள் இருக்கக் கூடாது.
தலைவலி மாத்திரை தேடுவதுபோல் நிற்பார்.
கூட்டம் கரைந்ததும் குனிந்து,
"நீலம் ஒண்ணு.
ஃபோர்மனுக்குத் தெரிஞ்சா
தொட்டி கழுவுற வேலை போயிடும்.
மூச்சு விட்டுடாத, சலோஷினி."

விடத்தானே வந்திருக்கிறீர்கள் என்று
நாக்கு நுனிவரை வந்தது.
அந்தச் சின்னப் பேச்சுக்கே
மூன்று இடத்தில் நின்று ஏறினார்.
சில்லறை எண்ணும் நேரத்தில்
நான் இதைத்தான் எண்ணுவேன்.

பதிவேட்டில்,
மே மாதம் நான்கு நீலம்.
மார்ச்சில் கொடுத்த பழுப்பு என்னாயிற்று?
"அடைச்சா நீலம் திறக்குது.
பழுப்பு ஒண்ணும் செய்யலியே."

ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்வதே அதன் வேலை.
இதை எப்படி விற்பது?

என் முன்னால் ஒருமுறை அடியுங்கள் என்றேன்.
அடித்தார்.
புகை நாக்கில் மோதி
மீசை வழியாக வெளியே வந்தது.
இத்தனை நாளும்
மீசைக்கு வைத்தியம்.

அவரை முன்னறையிலேயே நிறுத்திவிட்டு
கொல்லைப்புறத்தில் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி
அரை லிட்டர் சோடா பாட்டிலின் அடியில்
பம்பின் வாய் அளவுக்குத் துளை போட்டேன்.
"இதுக்கும் காசா?"
பாட்டில் நான் குடித்தது, போங்கள்.

இழுங்கள். மெதுவாக. பத்து எண்ணும்வரை விடாதீர்கள்.
ஆறில் விட்டார்.
மறுபடி. ஏழு.
எப்போது உள்ளே வந்தாரோ, பின்னால் நின்ற தோம்பி
"எட்டு!" என்று உரக்க எண்ணினார்.
ரகசியம் போயிற்றே என்று இவர் திரும்ப,
அவர் தன் கைப்பையைத் திறந்து
தன் நீலத்தைக் காட்டினார்.

பிறகு ஜூன். அவர் வரவில்லை.
ஜூலை. பெயருக்கு நேரே வெள்ளைக் கட்டம்.
இந்தத் தொழிலில் வெள்ளைக்கு இரண்டு அர்த்தம்.
இரண்டாவதை இருமுறை படித்திருக்கிறேன்,
ஒருமுறை ஒன்பது வயதுப் பெயருக்கு நேரே.

கடை மூடும் நேரம் போன் செய்தேன்.
மகள் எடுத்தாள்.
"அப்பா கூரை மேல, இருங்க."
கீழிருந்து அவள் கத்த, மேலிருந்து அவர்:
"ஏணியைப் பிடிச்சுக்கோ சிவப்பு பெயின்ட்ட நாய் கவுக்கப்போகுது
யாரு போன்ல மருந்துக்கடையா நாளைக்கு வரேன்னு சொல்லு"

விரல் மடக்கினேன்.
பன்னிரண்டு.
நடுவில் எங்கும் நிற்கவில்லை.

"சொல்லணுமா, கேட்டுச்சா?" என்றாள்.
கேட்டது என்றேன்.

ஷட்டரை இறக்கும்போது
ஆலைச் சுடர் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது.
தெற்கத்திக் காற்று.
நாளைக்கு நீலம் இன்னொரு பெட்டி சொல்ல வேண்டும்.